அந்த ஒரு மணி நேரச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்

மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆட்களை அழைத்து வரும் காவல்துறை, சுங்கத்துறை அதிகாரிகளுக்கும்,

செவிலியர் அறையின் பின்சுவரில், ட்யூட்டி பட்டியலுக்குப் பக்கத்தில், போன வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. போதைப்பொருளை விழுங்கியதாகச் சந்தேகப்பட்டு அழைத்து வரப்படுபவருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், நாடியும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் 'காவலில் வைக்கத் தகுதியானவர்' என்று சான்று கொடுத்து அனுப்பிவிட வேண்டுமாம். அவர் இங்கே இருக்கும் நேரம் முழுக்க அதிகாரி ஒருவர் கட்டிலருகே நிற்பாராம். எங்களிடம் அவர் சொல்வதையெல்லாம் எழுதி அந்த அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டுமாம். படுக்கைத் தட்டுப்பாடு, ஊழியர் பாதுகாப்பு, விசாரணைக்கு ஒத்துழைப்பு என்று மூன்று காரணங்கள் கீழே இருக்கின்றன.

பதினேழு வருடமாக அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சுற்றறிக்கை வந்தால் படித்ததற்குக் கையெழுத்துப் போடுவது வழக்கம். உண்மையைச் சொன்னால் பாதியைப் படிக்காமலேயே போட்டிருக்கிறேன். இதில் மட்டும் போடவில்லை. ஏன் என்று வார்டு பொறுப்பாளர் கேட்டார். நின்ற நிலையில் இரண்டு வரியில் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றறிக்கை வருவதற்கு முன்பும் இங்கே வழக்கம் ஏறக்குறைய இதுதான். நீங்கள் செய்திருப்பது அந்த வழக்கத்துக்கு முத்திரை குத்தியது. அந்த வழக்கத்தில் போன ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

இரவு பதினொன்றே கால் இருக்கும். இரண்டு காவலர்கள் அழைத்து வந்தார்கள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. பிடிக்கப் போன நேரத்தில் எதையோ வாயில் போட்டு விழுங்கிவிட்டான் என்றார்கள். "சூயிங்கம் சார்" என்றான் அவன். நாடி 96. ரத்த அழுத்தம் சரி. கண்பாவை சரி. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் குடல் வாயுவைத் தவிர எதுவும் இல்லை. ஐம்பது நிமிடத்தில் சான்று தயார்.

ஒப்படைப்புப் பதிவேட்டில் காவலர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பையன் என் பக்கம் சாய்ந்து, "அக்கா, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றான். "என்ன தம்பி முழுங்கின?" என்று கேட்டேன். காவலர் பேனாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பையன் வாயை மூடிக்கொண்டான். மூடினது மூடினதுதான்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மாரடைப்பில் வந்த ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தார். "எக்ஸ்ரே கிளியர்தானே சிஸ்டர்?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து அதே பையன் அதே வாசல் வழியாக வந்தான். பற்கள் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து, தொட்டால் கை சுடுகிற சூடு. வெப்பமானியில் 41.4 டிகிரி செல்சியஸ். இதயத் துடிப்பு 170. வலது கை ஸ்ட்ரெச்சர் கம்பியோடு விலங்கிடப்பட்டிருந்தது. சாவி வெளியே ஜீப்பில் இருந்த இன்னொருவரிடம். வாந்தி எடுப்பவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க முடியாமல், அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சாவிக்காக நான்கு நிமிடம் நின்றோம். வலிப்பை அடக்கும் மிடசோலம் ஊசி போட்டோம், ஐஸ் அடுக்கினோம், மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் இறக்கினோம். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சான்று எழுதவும் ஐம்பது, சாகவும் ஐம்பது.

பிரேதப் பரிசோதனையில் சிறுகுடலிலிருந்து ஒரு பாலிதீன் துண்டை எடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தளவு. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்ததாம். முடிச்சுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு சின்னக் கிழிசல். உள்ளே இருந்தது கொக்கெய்ன்.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். 'விழுங்கியவர்' என்று எல்லோரையும் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறீர்கள். எங்களிடம் வருவது இரண்டு வகை. ஒருவர் கடத்தலுக்காகவே விழுங்குபவர், குருவி என்று சொல்கிறோமே, அந்த வகை. அவர் வயிற்றில் ஐம்பது இருக்கும், நூறு இருக்கும். ஒவ்வொன்றும் ரப்பர் உறையில் பல அடுக்காகச் சுற்றி, மெழுகு பூசி, எல்லாம் ஒரே அளவில் அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். பயணம் முடியும்வரை உடையக்கூடாது என்று யோசித்துச் செய்தவை. இன்னொருவர் போலீஸைக் கண்டு கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டவர். அவர் விழுங்கியது விற்பதற்காகக் கட்டிய பொட்டலம். வயிற்றின் அமிலத்தில் ஊறுவதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. அளவு கொஞ்சம்தான், ஆனால் கசிவது நிச்சயம் என்று வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது ஆளிடம்தான்.

எக்ஸ்ரேயின் கதையைக் கேளுங்கள். கடத்தல் பொட்டலங்கள் அடர்த்தியானவை; உறைகளுக்கு இடையே சிக்கிய காற்று அவற்றைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தெரியும். பெரும்பாலும் எக்ஸ்ரேயிலேயே பிடிபட்டுவிடும், சந்தேகம் இருந்தால் சாயமருந்து இல்லாத சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும். அவசரத்தில் விழுங்கிய சின்னப் பொட்டலம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சி.டி.யும் சில நேரம் ஏமாற்றும். ஆக, நீங்கள் அதிகம் அழைத்து வருவது எந்த வகை ஆட்களையோ அவர்களிடத்தில்தான் எக்ஸ்ரே எதற்கும் உதவாது. அதை நம்பித்தான் சுற்றறிக்கையின் முதல் பத்தி முழுக்க நிற்கிறது.

சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாமே என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். பொட்டலம் உடையாதவரை சிறுநீரில் பெரும்பாலும் எதுவும் வராது. இரண்டு நாள் முன்பு அவரே உபயோகித்திருந்தால் வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வரும். எப்படி வந்தாலும் நமக்குத் தேவையான பதில் அதில் இல்லை.

தேவையான பதில்கள் நான்கு. என்ன பொருள், எத்தனை, எப்போது, எதில் சுற்றியது. நான்கும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறந்தால் சிறைக்குப் போவார். அவர் வாயைத் திறக்க வேண்டிய கட்டிலருகே சீருடையை நிறுத்தி, பேசியதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஓர் உத்தரவு. அந்தப் பையனிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் அவனை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. மருத்துவ இதழ்களில் இப்படியொரு நோயாளியைப் பற்றி முதலில் எழுதியது 1973இல், கனடாவில். ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசின் அடைத்த ஆணுறையை விழுங்கிய இளைஞன் குடல் அடைப்போடு வந்தது விழுங்கிய பதின்மூன்றாவது நாள். ஐம்பது வருடத்துக்கு முன்பே பதின்மூன்று நாள் கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம் ஒரு மணி நேரம் என்று எழுதி ஒட்டுகிறோம். கொக்கெய்னோ ஹெராயினோ அவசரத்தில் விழுங்கியவரை, அறிகுறியே இல்லாவிட்டாலும், குறைந்தது ஆறு மணி நேரமாவது மானிட்டரில் வைத்துப் பார்ப்பது பரவலான நடைமுறை. மெத்தாம்ஃபெட்டமின் என்றால் தாமதமாகத்தான் காட்டும், அதற்கு ஆறு போதாது. கடத்தல் பொட்டலம் என்றால் மணிக் கணக்கே கிடையாது. கடைசிப் பொட்டலம் வெளியே வரும்வரை.

அதிகாரிகளுக்கு ஒரு வழக்கை நினைவுபடுத்துகிறேன், உங்கள் பக்கம் தீர்ப்பான வழக்குதான். 1983இல் கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெண்ணைச் சுங்க அதிகாரிகள் சந்தேகத்தின்பேரில் பதினாறு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு நீதிபதியின் உத்தரவு வாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நான்கு நாளில் அவர் வயிற்றிலிருந்து 88 பலூன்கள் வெளிவந்தன, மொத்தம் 528 கிராம் கொக்கெய்ன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் அந்தப் பதினாறு மணி நேரம் நியாயமானதுதான் என்றது. நான் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது வேறொன்று நெஞ்சில் தைத்தது. பலூன் ஒன்றுக்குச் சராசரி ஆறு கிராம். ஒன்றே ஒன்று கிழிந்திருந்தாலும் உயிர் தப்புவது அரிது. அந்தப் பதினாறு மணி நேரமும் அவர் பக்கத்தில் மானிட்டர் இல்லை, மருந்து இல்லை. ஒரு நாற்காலியும் குப்பைக்கூடையும் இருந்தன. சந்தேகத்துக்குப் பதினாறு மணி நேரம் கொடுக்க முடிந்தால் சிகிச்சைக்கு ஆறு கொடுக்க முடியாதா?

"செல்லுல வச்சு நாங்க பாத்துக்கறோம் சிஸ்டர்" என்று நீங்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. எதைப் பார்ப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருமுறை ஒருவரைத் திரும்ப அழைத்து வந்த காவலர், "நல்லாத்தான் தூங்கிட்டிருந்தான், குறட்டைகூட விட்டான்" என்றார். அது குறட்டை இல்லை. ஹெராயின் ஏறியவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும் சத்தம். நிமிடத்துக்கு நான்கு மூச்சு. கண்பாவை குண்டூசித் தலை. நல்லவேளையாக வாகனத்தில் ஏற்றும்போது யாரோ உலுக்கி எழுப்பப் பார்த்ததால் தெரிந்தது. அவர் பிழைத்தார்.

அவர் பிழைத்ததிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஹெராயின் போன்ற ஓபியம் வகைகளுக்கு நலோக்ஸோன் என்ற முறிமருந்து உண்டு. போட்ட நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, ஏன் எழுப்பினாய் என்று திட்டுவார்கள். பார்க்கிறவருக்கு ஆள் குணமாகிவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். வயிற்றிலுள்ள கிழிந்த பொட்டலத்துக்கு அது தெரியாது, கசிந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பதினெட்டு மணி நேரம் நலோக்ஸோன் ட்ரிப் ஓடியது. உங்கள் சுற்றறிக்கைப்படி எழுந்து உட்கார்ந்த நிமிடத்திலேயே 'தகுதியானவர்' ஆகியிருப்பார்.

கொக்கெய்னுக்கு அந்த வசதியும் இல்லை. முறிமருந்தே கிடையாது. வலிப்பை அடக்க ஊசி, சூட்டைத் தணிக்க ஐஸ், இதயத்தின் மின்னோட்டம் தடுமாறினால் சோடியம் பைகார்பனேட். கடத்தல் பொட்டலம் உடைந்தவர் என்றால் இதெல்லாம் அவரை அறுவை அரங்கம் வரைக்கும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். வயிற்றைத் திறந்து மீதியை எடுத்தாக வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அறுவை அரங்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சுற்றறிக்கையை எழுதினீர்களா?

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நல்லபடியாக முடிந்த கதை.

விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த ஒரு பெண். முப்பதைத் தாண்டியவர். எக்ஸ்ரேயில் வயிறு முழுக்கப் பொட்டலம். நாற்பது என்று அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். அந்த வாரம் பணியில் இருந்த மூத்த மருத்துவர் கறாரானவர். ஐ.சி.யூ. படுக்கை கேட்டு வாங்கினார், அறுவை மருத்துவரிடம் அப்போதே சொல்லி வைத்தார், பெண் காவலரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பார்க்கலாம், கேட்க முடியாது.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் இறக்கும் ரைல்ஸ் ட்யூப் வழியாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் விட்டோம். குடல் முழுவதையும் அலசி இறக்கும் வழி அது. கமோடின் அடியில் வலைத்தட்டு. ஒவ்வொரு முறையும் நான் கையுறையோடு உட்கார்ந்து தண்ணீர் விட்டுக் கழுவி, உறை கிழிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எண்ணி, ட்ரேயில் அடுக்கினேன். கட்டைவிரல் பருமன், வழவழவென்று இருக்கும். இந்த வேலைக்கு என்ன பெயர் என்று நர்சிங் புத்தகத்தில் இல்லை. நாற்றத்தைவிடக் கடினமானது, இன்னொரு மனுஷி முன்னால் அவர் கூசிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான். முதல் நாள் முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் இரவு முப்பத்தொன்பது, நாற்பது என்று எண்ணி முடித்தேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்ககிட்ட சொன்னா கேஸுல சேருமா சிஸ்டர்?" சிகிச்சைக்காக என்னிடம் சொல்வது டாக்டரைத் தாண்டிப் போகாது, வெளியே வருவது மட்டும் விதிப்படி அவர்கள் கைக்குப் போகும் என்றேன். கொஞ்ச நேரம் ட்ரிப் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்திமூணு" என்றார்.

சி.டி. எடுத்தோம். பெருங்குடலின் தொடக்கத்தில் மூன்று. கரைசலை மறுபடி ஓடவிட்டோம். மறுநாள் மதியத்துக்குள் மூன்றும் வந்தன. அதில் ஒன்று மற்றவை போல் இல்லை. உறை உப்பி, நிறம் மாறி, விரலால் அழுத்தினால் அமுங்கியது. இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே கை நடுங்கியது.

அவர் உயிரோடு நீதிமன்றம் போனார். அதிகாரிகளே, உங்கள் வழக்குக்கு இதில் நஷ்டம் என்ன? நாற்பது கேட்டீர்கள், நாற்பத்துமூன்று கிடைத்தது, முத்திரையிட்டுக் கையெழுத்தோடு. அவர் என்னிடம் சொன்ன ஒரு சொல் மட்டும் உங்களிடம் வரவில்லை. புதிய உத்தரவுப்படி நடந்திருந்தால் அவர் நாற்பதோடு நின்றிருப்பார், மீதி மூன்றைப் பிரேதப் பரிசோதனையில்தான் எண்ணியிருப்போம்.

நோயாளியின் உடம்பிலிருந்து ஆதாரம் எடுத்துத் தருவது எங்கள் வேலை என்ற எண்ணம் சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியில் தெரிகிறது. அந்த எண்ணத்துக்கு நீதிமன்றங்கள் வெகு காலம் முன்பே பதில் சொல்லிவிட்டன. கலிஃபோர்னியாவில் ஒருவர் விழுங்கிய இரண்டு குளிகைகளுக்காக அவரை மருத்துவமனைக்கு இழுத்துப்போய், குழாய் வழியே வாந்தி மருந்து செலுத்தி வெளியே எடுத்தார்கள். மார்ஃபின்தான் இருந்தது. ஆனாலும் 1952இல் ரோச்சின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது மனச்சாட்சியை உலுக்குகிறது என்று தண்டனையை ரத்து செய்தது. ஜெர்மனியில் நான்கு காவலர்கள் ஒருவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒரு மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வாந்தி மருந்தைச் செலுத்தினார். கிடைத்தது ஒரே ஒரு பொட்டலம், கால் கிராமுக்கும் குறைவான கொக்கெய்ன். 2006இல் ஜல்லோ வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. அதே நாட்டில் அப்படி வாந்தி மருந்து செலுத்தப்பட்ட இருவர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்கள். அந்த அறையில் குழாயைப் பிடித்திருந்தது ஒரு மருத்துவரின் கை. ட்ரேயை யார் பிடித்திருந்தார் என்று தீர்ப்பில் இல்லை. என்னைப் போல ஒருத்தியாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கைதிகளின் உடலைச் சோதனையிடுவது பற்றி உலக மருத்துவச் சங்கம் 1993இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவர் சோதனையிட நேர்ந்தால், அதே மருத்துவர் பிறகு அவருக்குச் சிகிச்சை தருபவராக இருக்கக்கூடாது என்கிறது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்துவது பற்றிய மண்டேலா விதிகளில் 52ஆவது விதியும் இதையே சொல்கிறது. காரணம் எளிது. தேடும் கையை நோயாளி நம்ப மாட்டார்.

உங்கள் பக்கச் சிரமமும் எனக்குத் தெரியும். ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரமும் இரண்டு காவலர்கள் இங்கே தூங்கி வழிய வேண்டும். அவர்களுக்கு உட்கார நாற்காலிகூட நாங்கள் ஒழுங்காகக் கொடுத்ததில்லை. படுக்கை இல்லை என்பதும் பொய் இல்லை. 'குற்றவாளிக்கு எதற்கு மானிட்டர் படுக்கை, வரிசையில் காத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்' என்று எங்கள் ஓய்வறையிலேயே பேச்சு வரும். நானும் பேசியிருக்கிறேன், அந்த இரவு வரைக்கும்.

கண்காணிப்பாளர் அவர்களே, அந்தச் சுற்றறிக்கையை இன்றே திரும்பப் பெறுங்கள். திருத்திக்கொள்ளலாம், பிறகு பார்க்கலாம் என்று வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் என்று வந்தாலே, எக்ஸ்ரே எதைக் காட்டினாலும், ஆறு மணி நேரம் மானிட்டர் வேண்டும். மெத்தாம்ஃபெட்டமின் என்றாலோ என்ன பொருள் என்றே தெரியாவிட்டாலோ அதற்கும் மேல், மூத்த மருத்துவர் வந்து நேரில் பார்த்து முடிவு செய்யும்வரை. கடத்தல் பொட்டலம் என்று தெரிந்தவரைப் பொட்டலம் இல்லாத மலம் தொடர்ந்து கழிந்து, சி.டி.யிலும் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே அனுப்ப வேண்டும். அவர் உள்ளே வரும்போதே அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் தகவல் போக வேண்டும். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து 'தகுதியானவர்' சான்று கொடுப்பது முற்றிலும் நிற்க வேண்டும்.

நோயாளி எங்களிடம் பேசுவது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாருக்கும் தரப்படாது என்று உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஓர் அதிகாரி அதட்டும்போது என் ஜூனியர் பெண்கள் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான். கதவுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். நாற்காலி நாங்கள் போடுகிறோம். விலங்கின் சாவி அந்த நாற்காலியில் இருப்பவர் பையிலேயே இருக்கட்டும். வரும் வழியில் வாந்தி எடுக்கவைக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ வேண்டாம். எண்ணெய் கலந்த பேதி மருந்து ரப்பர் உறையை இளக்கிவிடும். நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுங்கினார், உருண்டையா, பொட்டலமா, ஒன்றா, கைநிறையவா. அவரிடமோ கூட இருந்தவரிடமோ கைப்பற்றிய பொட்டலம் இருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். எதில் சுற்றியிருக்கிறது என்று பார்த்தாலே எங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவர் திரும்பிப் போகும்போது ஆபத்து அறிகுறிகளை அச்சடித்த ஒரு பக்கத் தாளைத் தருகிறோம். செல்லில் பணியிலிருப்பவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். குறட்டை அதில் முதல் வரியாக இருக்கும்.

அந்தப் பையனின் சாவைப் பற்றி நேர வரிசைப்படி ஒரு விசாரணை நடக்க வேண்டும், மருத்துவமனையும் காவல்துறையும் சேர்ந்து உட்கார்ந்து. என் வாக்குமூலத்தை எழுத்தில் தருகிறேன், நான் விட்டுவிட்டதையும் சேர்த்து. அவன் வீட்டாருக்கு அதன் நகல் போக வேண்டும். மகன் காவலில் 'திடீரென்று' இறந்தான் என்று மட்டும்தான் அவர்களிடம் இதுவரை சொல்லப்பட்டிருக்கிறது.

வரும் திங்கள் முதல் எனக்கு ஒரு வாரம் இரவுப் பணி. அப்படி ஒருவரை அழைத்து வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பக் கேட்டால் ஒப்படைப்புப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். காரணத்தை அதே பக்கத்தில் எழுதி வைப்பேன். ஞாயிறு மாலைக்குள் உங்கள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்